சஃபாரிக்குப் போகலாம், கோடியக்கரைக்கு!

'சஃபாரி' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? கூரை திறந்த ஒரு ஜீப் வண்டி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பொன்னிறப் புல்வெளி, அதில் சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி! ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாஹிலி மொழியில் இச்சொல்லுக்குப் 'பயணம்' என்பதுதான் பொருள். அரபு மொழியிலிருந்து அங்கு சென்று சேர்ந்த சொல் இது.

பயணம் என்றால் முன்கூட்டியே திட்டம் வேண்டும் அல்லவா? தான்சானியா நாட்டிலுள்ள செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்குச் செல்வோர் எப்படித் திட்டமிடுகிறார்கள் தெரியுமா? அங்கே வில்டிபீஸ்ட் என்னும் விலங்குகள் பத்து லட்சத்துக்கும் மேல் உள்ளன. தோற்றத்தில் மாட்டை ஒத்திருந்தாலும் இவை இரலை மான் வகையைச் சேர்ந்தவை. இவை ஓரிடத்தில் நிற்பதில்லை. மழை பெய்து புல் முளைக்கும் திசையைத் தேடி, அண்டை நாடான கென்யாவின் மசாய் மாரா வரை சென்று, ஆண்டுதோறும் ஒரு வட்டம் சுற்றி வருகின்றன. ஆகையால், விவரம் அறிந்த பயணி முதலில் கேட்கும் கேள்வி, "எங்கே தங்குவது?" என்பதன்று. "இந்த மாதத்தில் மழையும் புல்லும் எங்கே?" என்பதே.

இதே கேள்வியைத் தஞ்சாவூரில் இருந்துகொண்டு நாமும் கேட்கலாம். நமக்கும் ஒரு சஃபாரி காத்திருக்கிறது. அதற்கு விமானம் வேண்டாம், பேருந்து போதும்!

எங்கே போவது?

தமிழ்நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரும் கடற்கரை, ஓரிடத்தில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனைதான் கோடியக்கரை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்த ஊர் புதிதன்று. பூங்குழலி படகோட்டிய கரை இதுவே. கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் நீரிணை. மேற்கே ஏறத்தாழ 48 கி.மீ. நீளத்துக்கு வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. அதற்கும் அப்பால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள்.

வெளிமானைக் காப்பதற்கென்று 1967-ஆம் ஆண்டில் இங்கு ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. இதன் பரப்பு 21.47 சதுர கி.மீ. சரணாலயமும் சதுப்பும் சேர்ந்த பெரும்பகுதி, 2002-ஆம் ஆண்டில் ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்றது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது.

எப்போது போவது?

மேட்டூர் அணையில் வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் தண்ணீர் திறப்பார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். குறுவை, சம்பா, தாளடி என்று நம் வயல்களுக்கு ஒரு நாட்காட்டி இருப்பதைப் போலவே, பறவைகளுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. இரண்டும் தண்ணீரால் எழுதப்பட்டவை. ஆற்று நீர் வாய்க்கால்களின் வழியே வந்து ஏரிகளை நிரப்புகிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை சதுப்பை நிரப்புகிறது. அதே சமயத்தில் வடக்கே குளிர் முற்றுவதால் வலசைப் பறவைகள் இங்கு வந்து சேர்கின்றன.

வெளிமான்களை ஆண்டு முழுவதும் காணலாம். பறவைகளைக் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றது. ஆனால் நவம்பர், டிசம்பர் மாதங்கள் புயல் மாதங்களும்கூட. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் இந்தக் கரையில்தான் அடித்தது. காட்டு மரங்கள் சாய்ந்தன, மான்கள் பல மாண்டன. எனவே வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் புறப்படக் கூடாது. இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பள்ளி மாணவர்களுக்கு உகந்த காலம் பொங்கலை ஒட்டிய நாட்கள். மழை ஓய்ந்திருக்கும்; பறவைகளும் இருக்கும்.

பேருந்து ஜன்னலிலேயே தொடங்குகிறது!

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சுமார் 100 கி.மீ. அங்கிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கி.மீ. தூரத்தில் உள்ளது. இந்த வழியில் தூங்கிக்கொண்டு போனால் சஃபாரியில் பாதியை இழந்துவிடுவீர்கள்.

தஞ்சையிலிருந்து 25 கி.மீ. சென்றதும் வடுவூர் ஏரி வரும். பாசனத்துக்காக உள்ள இந்த ஏரி 1999-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் இதுவும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. காவிரி நீர் வந்தால் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால் ஊசிவால் வாத்துகள் வரும். அங்கிருந்து வழி நெடுக வயல்களைக் கவனியுங்கள். அறுவடை நடக்கும் வயலில் கொக்குகள் ஆட்களுக்குப் பின்னாலேயே நடப்பது ஏன்? மிதிபட்டு எழும் பூச்சிகளுக்காக! அலகின் நடுவே இடைவெளியுடன் ஒரு நாரை தென்பட்டால் அது நத்தை குத்தி நாரை. மின்கம்பியில் கரிச்சானும் பனங்காடையும் அமர்ந்திருக்கும். இவை யாவும் உழவருக்குக் கூலி கேளாமல் உதவுபவை.

புல்வெளியின் ஓட்டக்காரன்

கோடியக்கரையில் காலை 6 மணிக்கே தயாராகிவிட வேண்டும். விலங்குகள் குளிர்ந்த வேளையில் மேயும். வெயில் ஏறியதும் ஒதுங்கிவிடும். மற்றொரு காரணமும் உண்டு. உப்பு நிலம் சூடேறினால் அதன் மேலுள்ள காற்று அடுக்குகளின் அடர்த்தி மாறி, ஒளி வளைந்து, கானல் அலையாடும். அப்போது எவ்வளவு நல்ல தொலைநோக்கியாலும் பயனில்லை.

திறந்த புல்வெளியில் வாழ்வது வெளிமான். பழந்தமிழில் இதற்கு இரலை என்று பெயர். முதிர்ந்த ஆண் கரும்பழுப்பு நிறம். அதன் கொம்புகள் திருகுபோல் முறுக்கி நிற்கும். பெண்ணும் குட்டியும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். இதே சரணாலயத்தில் புள்ளிமானும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புள்ளிமானின் கொம்பு கிளைவிடும். உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைவிடாது. வாழ்நாள் முழுவதும் உதிராது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் துள்ளி ஓடும் தாம்சன் கெசல் மான்கள் நம் வெளிமானின் நெருங்கிய சுற்றத்தார்!

வெளிமான் மணிக்கு ஏறத்தாழ 80 கி.மீ. வேகத்தில் ஓடவல்லது. முன்காலத்தில் நம் நாட்டில் அதைத் துரத்தி வேட்டையாடிய சிவிங்கிப்புலி அற்றுப்போய்விட்டதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. துரத்தியது போன பின்னும் இன்று வரை ஓட்டம் நிற்கவில்லை.

ஆறாயிரம் கி.மீ. பறந்த விருந்தாளி

சதுப்பில் பூநாரைகள் நிற்கும். இவை அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கைப் பம்பு போல் இயக்கி, சேற்று நீரை உறிஞ்சி வடிகட்டிச் சிற்றுயிர்களை உண்கின்றன. அவ்வுணவிலுள்ள நிறமிகளே இறகுக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகின்றன. இந்தியாவில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ரண்.

பூநாரையை எல்லாரும் பார்ப்பார்கள். அதன் காலடியில் ஓடித் திரியும் கொசு உள்ளானை நீங்கள் பாருங்கள். எடை சுமார் 25 கிராம்தான். கோடையில் வட ஐரோப்பா, சைபீரியாவின் ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இந்த இனத்தில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவுக்கும் ஒரு பகுதி இந்தியாவுக்கும் வருகிறது. எவ்வளவு தூரம்? நீங்களே கணக்கிடலாம். ஆர்க்டிக் பகுதியை 70 பாகை வட அட்சம் என்று கொள்ளுங்கள். கோடியக்கரை சுமார் 10 பாகை. வித்தியாசம் 60 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. பெருக்கினால் 6,660 கி.மீ.! பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் இங்கே பல ஆண்டுகளாகப் பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி, இத்தகைய பயணங்களை ஆராய்ந்து வந்துள்ளனர்.

இந்தப் பயணத்துக்கு எரிபொருள் எது? கொழுப்பு. அரிசியிலுள்ள மாவுப்பொருள் ஒரு கிராம் எரிந்தால் சுமார் 4 கிலோ கலோரி கிடைக்கும். கொழுப்பிலோ சுமார் 9. பறப்பவனுக்குச் சுமை குறைய வேண்டுமல்லவா? ஆகவே புறப்படுமுன் உள்ளான் சேற்றில் ஓயாது இரை கொத்தி உடலில் கொழுப்பைச் சேமிக்கிறது. நாம் கைதட்டி ஒரு கூட்டத்தை எழுப்பினால் அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்பறவை தன் வழிச்செலவுப் பணத்தில் ஒரு பகுதியை வீணாக்குகிறது.

கையில் என்ன கொண்டுபோவது?

குடிநீர், தொப்பி, மங்கிய நிற உடை, குறிப்பேடு, பென்சில். பள்ளியில் தொலைநோக்கி இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதில் 8 × 40 என்று எழுதியிருந்தால் என்ன பொருள்? முதல் எண் உருப்பெருக்கம்: 80 மீட்டர் தொலைவிலுள்ள பறவை 10 மீட்டரில் இருப்பது போலத் தெரியும். இரண்டாவது எண், முன் வில்லையின் விட்டம் 40 மி.மீ. என்பது. 40-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 5 மி.மீ. தான் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம். இது அதிகமாக இருந்தால் விடியற்காலை மங்கலிலும் தெளிவாகக் காணலாம்.

பறவைகளை எண்ணவும் பழகுங்கள். முதலில் 50 பறவைகளை எண்ணி, அவை அடைத்திருக்கும் இடத்தை மனத்தில் கொள்ளுங்கள். அதுபோல் எத்தனை பகுதிகள் உள்ளன என்று பாருங்கள். 12 பகுதிகள் என்றால் 600 பறவைகள். மூன்று நண்பர்கள் தனித்தனியே எண்ணிச் சராசரி எடுத்தால் பிழை குறையும்.

சரணாலயத்துக்குள் செல்ல அனுமதி தேவை. நாள், நேரம், கட்டணம், வாகனம் முதலிய விவரங்களை நாகப்பட்டினத்திலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஆசிரியர் மூலம் முன்னதாகவே கேட்டுப் பெறுங்கள். உள்ளே வன ஊழியர் காட்டும் வழியிலேயே செல்லுங்கள்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது?

திட்டத்தில் மிக முக்கியமான பகுதி இதுவே. ஏன் என்று பார்ப்போம். செரங்கெட்டியின் பரப்பு 14,763 சதுர கி.மீ. கோடியக்கரை சரணாலயத்தைப் போல் ஏறத்தாழ 690 மடங்கு! அங்கே வறட்சி வந்தால் வில்டிபீஸ்ட் நடந்து வேறிடம் போகும். இங்கே வெளிமான் எங்கே போகும்? இரு பக்கம் கடல். ஒரு பக்கம் சதுப்பு. மறுபக்கம் ஊரும் உப்பளமும். இருக்கும் புல்வெளியையும் சீமைக் கருவேலம் மூடி வருகிறது. காட்டில் திரியும் குதிரைகளும் அதே புல்லையும் நீரையும் பங்கு கேட்கின்றன. மேலணைகளும் வறட்சியும் சேர்ந்து ஆற்றின் நன்னீர் கடைமடைக்கு வருவது குறைந்தால் சதுப்பில் உப்பு மிகுகிறது. சேற்றிலுள்ள புழு பூச்சிகள் மாறுகின்றன. அவற்றை நம்பி வரும் பறவைகளும் குறைகின்றன. கடைமடை வயலின் கவலையும் உள்ளானின் கவலையும் ஒன்றே!

இந்நிலையில், பார்க்க வரும் நாமும் ஒரு சுமையாகிவிடக் கூடாது. பரந்த மசாய் மாராவிலேயே பயணிகளின் வாகனங்கள் மிகுதியாக வரும் பகுதிகளில் தாய்ச் சிவிங்கிப்புலிகள் வளர்த்து ஆளாக்கும் குட்டிகள் மிகவும் குறைவு என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 21 சதுர கி.மீ. இடத்தில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வெளிமான் தலை குனிந்து மேய்ந்தால் அது அமைதியாக இருக்கிறது. தலை தூக்கிப் பார்த்தால் உங்களைக் கவனித்துவிட்டது, அங்கேயே நில்லுங்கள். நான்கு காலும் தரையை விட்டு எழும்படி துள்ளினாலோ ஓடத் தொடங்கினாலோ நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள். அது தலை தூக்கிய இடத்தின் தொலைவைக் குத்துமதிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். இதையே பறவைக் கூட்டங்களிலும், ஆள் குறைந்த காலையிலும் ஆள் நிறைந்த பகலிலும் குறித்து வந்தால், உங்கள் குறிப்பேட்டில் ஓர் உண்மையான ஆராய்ச்சி உருவாகிவிடும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வேறு பொருள் தேட வேண்டியதில்லை!

இந்த ஆண்டு பொங்கலுக்குள் நான்கைந்து நண்பர்கள் ஓர் ஆசிரியருடன் கூடி உட்காருங்கள். ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதுங்கள்: தண்ணீர் எங்கே? இரை எங்கே? எந்த வேளை? எவ்வளவு தூரம்? இவற்றுக்கு விடை எழுதி முடித்துவிட்டால் உங்கள் சஃபாரித் திட்டம் தயார். பயணம் முடிந்து திரும்பும்போது கொண்டுபோன காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் தவறாமல் எடுத்து வந்துவிடுங்கள். நீங்கள் வந்து போனதே தெரியாமல் வெளிமான் மேய்ந்துகொண்டிருந்தால், உங்கள் திட்டம் முழு வெற்றி!