எழுத எழுதத் தேயும்

2010 வாக்கில் வீட்டில் சர்வர் வைத்திருந்தவர்களின் கவலையே வேறு. ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய பெட்டி, அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க், பரண் ஓரமாக உறுமிக்கொண்டிருக்கும். சினிமா, பாட்டு, கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான். டிஸ்க் போகப்போகிறது என்றால் பெரும்பாலும் காதே சொல்லிவிடும். டக், டக் என்ற சத்தம் கேட்டதும் காப்பி எடுக்க ஓடுவார்கள். எவ்வளவு எழுதினோம் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை, வைக்க வேண்டியும் இருக்கவில்லை. காந்தப் பூச்சில் எத்தனை முறை எழுதி அழித்தாலும் அது தேய்வதில்லை. தேய்வது மோட்டாரும் தலையைத் தாங்கும் கையும்தான்.

அப்போதும் ஒரு தேய்மானப் பஞ்சாயத்து நடக்காமல் இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் கிரீன் டிஸ்க்குகள், 8 நொடி வேலை இல்லாவிட்டால் தலையைத் தூக்கி ஓரத்தில் நிறுத்திவிடும். லினக்ஸ் சும்மா இருக்குமா? சில நொடிக்கொருமுறை ஏதாவது ஒரு வரியை எழுதும். தலை இறங்கும், எழுதும், மறுபடி ஏறும். 3 லட்சம் முறை ஏறி இறங்கலாம் என்பது கம்பெனிக் கணக்கு. நிமிடத்துக்கு இரண்டு முறை என்றால் மூன்றரை மாதத்தில் அது தீர்ந்துவிடும். டாஸில் ஓடும் சின்ன நிரல் ஒன்றை வைத்து அந்த 8 நொடியை நீட்டிவிட்டு ஆட்கள் நிம்மதியானார்கள்.

இன்றைய வீட்டு சர்வரில் ஹார்ட் டிஸ்க் பின்வரிசைக்குப் போய்விட்டது. முன்னால் நிற்பது எஸ்எஸ்டி கேஷ். வருகிற எழுத்தையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும், ராத்திரியில் மொத்தமாகப் பின்னால் தள்ளும், பகலெல்லாம் ஹார்ட் டிஸ்க் தூங்கும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அந்தச் சில நொடிக்கொருமுறைத் தொணதொணப்பு ஓயவில்லை, பன்மடங்காகியிருக்கிறது. அன்று ஒரு லினக்ஸ், ஒரு பைல் ஷேர். இன்று இருபது டாக்கர் கன்டெய்னர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டேட்டாபேஸ், ஒரு லாக்.

இதைத் தாங்குகிற இடம்தான் தேயக்கூடியது. பிளாஷ் செல்லில் எழுதுவதும் அழிப்பதும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் வழியே எலெக்ட்ரான்களை வலுக்கட்டாயமாகத் தள்ளித்தான். ஒவ்வொரு தள்ளலுக்கும் படலம் கொஞ்சம் கெடும். எழுதிய இடத்திலேயே திருத்தி எழுதவும் முடியாது. எழுதுவது சில கேபி அளவுள்ள பக்கத்தில், அழிப்பதோ பல எம்பி கொண்ட பிளாக்கை மொத்தமாக. ஒரு டம்ளரைக் கழுவத் தொட்டியில் கிடக்கும் அத்தனை பாத்திரத்தையும் துலக்குகிற மாதிரி, 4 கேபி மாற்றத்துக்கு அதைப்போலப் பல மடங்கு எழுத்து உள்ளே நடந்துவிடும்.

செல்லின் ஆயுளும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு செல்லுக்கு ஒரு பிட் வைத்த எஸ்எல்சி ஏறத்தாழ லட்சம் சுற்று தாங்கியது. மூன்று பிட் வைத்த டிஎல்சி 2012இல் சாம்சங் 840 வழியாகக் கடைக்கு வந்தது. 2018இல் இன்டெல் 660பி நான்கு பிட்டுடன் வந்தது. அதன் 1 டிபி மாடலுக்கு எழுத்து உத்தரவாதம் 200 டிபி. நொடிக்கு 2.3 எம்பி எழுதினால் நாளைக்கு 200 ஜிபி, ஆயிரம் நாளில் கணக்கு முடிந்தது. நொடிக்கு 2.3 எம்பி என்பது யாரும் எதையும் தொடாதபோதே ஒரு சர்வர் எழுதிவிடக்கூடிய அளவு.

வீட்டு சர்வர்களில் பலர் போடும் அன்ரெய்டு இயங்குதளத்தில் நடந்தது இதுதான். கேஷை இரண்டு எஸ்எஸ்டியில் பிடிஆர்எப்எஸ் என்ற பைல் சிஸ்டத்தில் வைத்தவர்கள், 2020 வாக்கில், சும்மா கிடக்கும் சர்வரின் எழுத்துக் கணக்கைப் பார்த்துத் திகைத்தார்கள். டாக்கருக்கான இமேஜ் பைலுக்குள் ஒரு பிடிஆர்எப்எஸ், அது உட்கார்ந்திருப்பது இன்னொரு பிடிஆர்எப்எஸ் மேல். திருத்தத்தைப் புது இடத்தில்தான் எழுதுவேன் என்று இரண்டு அடுக்கும் அடம்பிடிக்க, சின்ன எழுத்து ஊதிப் பெருத்தது. 2021இல் வந்த 6.9 பதிப்பு எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன் தொடக்கத்தை 1 எம்பி எல்லையில் பொருத்தி, இன்னும் சிலதையும் திருத்தியது. கேஷைப் புதிதாக பார்மட் செய்தவர்களுக்குத்தான் அந்தப் பார்ட்டிஷன் மாற்றத்தின் பலன். ஒன்றுக்கு இரண்டாக எஸ்எஸ்டி இருக்கிறதே என்ற தெம்பும் இங்கே அரைகுறைதான். மிரரில் இரண்டுக்கும் ஒரே எழுத்து போகிறது, இரண்டும் கூடவே தேய்கின்றன.

பயப்படத் தேவையில்லை என்பவர்களிடமும் ஆதாரம் இருக்கிறது. டெக் ரிப்போர்ட் என்ற இணையதளம் 2013 முதல் 2015 வரை ஆறு எஸ்எஸ்டிகளைச் சாகும்வரை எழுத வைத்தது. கடைசியாக நின்ற சாம்சங் 840 ப்ரோ 2.4 பெட்டாபைட்டைத் தாண்டியது. அது 256 ஜிபி டிரைவ், இரண்டு பிட் செல். ஆனால் இன்று மலிவு விலைக்கு ஆசைப்பட்டு வாங்கும் நான்கு பிட் டிரைவுக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது.

அடிக்கடி படிப்பதை எஸ்எஸ்டியில் நகலெடுத்து வைக்கும் கேஷும் உண்டு. என்னைக் கேட்டால், பெரும்பாலான வீடுகளுக்கு அது வீண். 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பிக்குச் சற்று மேல்தான் போகும். படம் பார்க்க அந்த வேகத்தை ஒற்றை ஹார்ட் டிஸ்க்கே கொடுத்துவிடும். இசட்எப்எஸ் என்ற பைல் சிஸ்டத்தின் எல்2ஆர்க் இந்த வகைக் கேஷ்தான், அது பல காலம் நொடிக்கு 8 எம்பி உச்சவரம்போடு வந்தது, முழுவீச்சில் ஓடினால் நாளைக்கு 691 ஜிபி. 2020இல் ஓபன்இசட்எப்எஸ் 2.0 வரும்வரை ரீஸ்டார்ட் ஆனால் நிரப்பியதெல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்கும். அந்தக் காசுக்கு ரேம் போடலாம். எழுத்தை அனாயாசமாகத் தாங்கிய ஆப்டேன் டிரைவ்களை இன்டெல் 2022இல் கைவிட்டது, அந்த வழியும் இப்போது பழைய சரக்குக் கடையில்தான்.

சர்வர் வைத்திருப்பவர்கள் இன்று காது கொடுப்பதில்லை, டிரைவ் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறக்கிறார்கள். அதில் ஆயுள் எத்தனை சதவீதம் செலவானது என்று ஒரு வரி இருக்கும். 100ஐத் தாண்டியும் டிரைவ் ஓடலாம், கம்பெனி பொறுப்பேற்காது, அவ்வளவே. எழுதுவது யார் என்று பார்க்க ஐயோடாப் என்ற நிரலைக் கூட்டுத்தொகை காட்டும்படி ஒரு மணி நேரம் ஓடவிட்டால் போதும், ஆள் முதல் சில வரிகளிலேயே அகப்படுவான். பல வீடுகளில் அது வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட். விளக்கு, மின்விசிறி, சென்சார் நிலவரத்தை 5 நொடிக்கொருமுறை டேட்டாபேஸில் பதிவது அதன் வழக்கம். அதை 60 ஆக்கினால், திடீரென்று கரண்ட் போகும்போது ஒரு நிமிடத்துப் பதிவு காணாமல் போகும். கூடத்து விளக்கை எத்தனை மணிக்கு அணைத்தோம் என்ற விவரம்தானே, போகட்டும்.