14 போதும், 31 வேண்டாம்!

உப்பளத்தில் வாரிய உப்பைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவதைப் பார்த்திருப்பீங்க. ஒரு நடைக்குப் பத்தடி குறைந்தால் சாயங்காலத்துக்குள் எவ்வளவு மிச்சம்! கம்ப்யூட்டரின் கெர்னலிலும் அதே கணக்குதான்.

சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி' பிராசசரில் 2018-ல் லினக்ஸ் ஓடியது. அது ரிஸ்க்-ஃபைவ் வகை. முழு எண்களை வைக்க 32 ரிஜிஸ்டர்கள், அதாவது சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் எப்பவும் 0 தான். மீதி 31. கெர்னல் ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறும்போது 31-ஐயும் எழுதி வைக்கணுமா? வேண்டாம். மாற்றும் பகுதியை ஒரு ஃபங்ஷனாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஃபங்ஷனைக் கூப்பிடுமுன் கலையக்கூடியவற்றில் தேவையானதைக் கம்பைலரே பத்திரப்படுத்திவிடும். ஆகவே லினக்ஸின் அசெம்பிளி 14-ஐ மட்டும் எழுதிவிட்டு, அடுத்த வேலையின் 14-ஐ எடுத்துக்கொள்கிறது. நொடிக்குப் பல நூறு தடவை நடக்கக்கூடிய காரியமாச்சே!

ஆனா இன்டரப்ட் வந்தால் இந்தச் சலுகை கிடையாது. சொல்லாமல் வந்து பாத்தி உப்பைக் கரைக்கும் மழை மாதிரி அது. கம்பைலருக்கு முன்தகவலே இல்லை, 31-ம் எழுதியே ஆகணும். அங்கேயும் மிச்சம் பிடிக்கப் போய் ஒன்றை விட்டால், தப்பு உடனே தெரியாது. எங்கேயோ, எப்பவோ, வேறொரு புரோகிராமில் தப்பான விடையாக வந்து நிற்கும்.