ஒரே அச்சு, வேறு வேறு பிரதி

சார்லஸ் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பர் 24 அன்று லண்டனில் வெளிவந்தது. பதிப்பாளர் ஜான் மர்ரி முதற்பதிப்பாக 1,250 பிரதிகள் அச்சிட்டார். அத்தனையிலும் ஒரே எழுத்து, ஒரே பக்க எண். இன்று அவற்றில் இரண்டு விற்பனைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் பதிப்பாளர் போட்ட பச்சைத் துணி அட்டை கொஞ்சம் மங்கிப்போய் இருக்கிறது. மற்றதற்குப் பிற்காலத்தில் யாரோ கைநிறையச் செலவழித்துத் தோல் பைண்டிங் போட்டு, தங்கக் கோலம் இழைத்திருக்கிறார்கள். இரண்டும் மற்றபடி ஒரே நிலையில் இருந்தால், மங்கிய பச்சை அட்டைக்குத்தான் கூடுதல் விலை.

வாசகருக்கு நூல் வேண்டும்; சேகரிப்பவருக்குப் பிரதி வேண்டும். அது எப்போது, யாருக்காக பைண்டு செய்யப்பட்டது, யார் யாருக்குக் கொடுத்தார்கள், பெற்றவர் படித்தாரா என்பதெல்லாம் அச்சில் இருக்காது. அட்டையிலும் முன்தாளிலும்தான் இருக்கும். அரும்புத்தகச் சேகரிப்பின் நுட்பமெல்லாம் அந்தத் தடயங்களைப் படிப்பதில் அடங்கியிருக்கிறது.

யார் போட்ட அட்டை?

1820கள் வரை இங்கிலாந்தில் புத்தகம் பெரும்பாலும் தற்காலிகமான காகித அட்டையிலோ எளிய தோலிலோதான் கடைக்கு வந்தது. வசதி உள்ளவர் அதைத் தமக்குப் பிடித்த பைண்டரிடம் கொடுத்து, தம் ரசனைக்கும் பணப்பைக்கும் ஏற்ற அட்டை போட்டுக்கொள்வார். ஆகவே பழைய நூல் ஒன்றின் இரண்டு பிரதிகள் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பது அபூர்வம். அதன் பிறகு பதிப்பாளர்களே துணி அட்டை போட்டு விற்கத் தொடங்கினார்கள்.

இதிலிருந்து பிறந்ததுதான் சேகரிப்பாளர்களின் அளவுகோல். துணி அட்டைக் காலத்துக்கு முந்தைய நூல் என்றால் அச்சான காலத்திலேயே போட்ட பைண்டிங் வேண்டும். பிந்தைய நூல் என்றால் பதிப்பாளரின் துணி அட்டை வேண்டும். டார்வினின் பச்சை அட்டை ஜெயிப்பது இதனால்தான்.

பைண்டிங்காலேயே பெயர் நிலைத்தவர்களும் உண்டு. 1565இல் மறைந்த பிரெஞ்சு அரசுப் பொருளாளர் ழான் க்ரோலியே, பட்டைகள் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் வடிவங்களைத் தம் புத்தகங்களின் தோல் அட்டையில் பொறிக்கச் செய்தார். புத்தகம் தமக்கும் தம் நண்பர்களுக்கும் உரியது என்று லத்தீனில் ஒரு வரியும் சேர்த்தார். அவருடைய நூல்களில் பல இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. உள்ளே என்ன நூல் என்று பார்ப்பதற்கு முன்பே அட்டையைப் பார்த்து ‘க்ரோலியே’ என்று சொல்லிவிடுவார்கள்.

தங்கம் தோலில் ஏறும் விதம்

அச்சான தாளை மடித்தால் ஒரு ஃபாரம். ஃபாரங்களை அடுக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய சணல் கயிறுகளோடு ஒவ்வொன்றாகத் தைப்பார்கள். பழைய புத்தகத்தின் முதுகில் குறுக்கே புடைத்து நிற்கும் வரம்புகள் இந்தக் கயிறுகளே. கயிற்று நுனிகளை அட்டையில் துளையிட்டு நுழைத்து ஒட்டியதும் புத்தகமும் அட்டையும் ஓருடலாகிவிடும். வெள்ளாட்டுத் தோலின் ஓரங்களைக் கத்தியால் மெல்லியதாகச் சீவி, பசை தடவி, மேலே இழுத்துப் போர்த்துவார்கள்.

அடுத்து தங்க வேலை. வடிவத்தை மெல்லிய தாளில் வரைந்து, தோலின்மேல் வைத்து, சூடாக்கிய பித்தளை அச்சால் அழுத்தினால் தோலில் பள்ளம் விழும். தாளை எடுத்துவிட்டு, பள்ளத்துக்குள் மட்டும் முட்டையின் வெள்ளைக்கருக் கரைசலைச் சிறு தூரிகையால் பூசுவார்கள். காய்ந்ததும் மேலே தங்க ரேக்கு. மூச்சு பட்டாலே பறந்துவிடும் அளவுக்கு அது மெல்லியது. அச்சை மறுபடி சூடாக்கி, ஈரப் பஞ்சில் தொட்டு, ‘சுர்’ என்று எழும் சத்தத்தைக் கொண்டே சூட்டைக் கணிப்பார் கைவினைஞர். பிறகு அதே பள்ளத்தில், அதே கோணத்தில் மீண்டும் ஓர் அழுத்து. சூடு கூடினால் தோல் கருகும். குறைந்தால் ரேக்கு நிற்காது. பதமான சூட்டில் வெள்ளைக்கரு இறுகித் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பள்ளத்துக்கு வெளியே இருக்கும் ரேக்கைத் துடைத்து எடுத்துவிடலாம்.

ஒரு பூ என்றால் இதழுக்கு ஓர் அச்சு, இலைக்கு ஓர் அச்சு, காம்புக்கு ஓர் அச்சு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் இதழ்கள் சந்திக்கும் இடத்தில் மயிரிழை விலகல் தெரியும். கைவேலைக்கு அடையாளம் அது. முழு வடிவத்தையும் ஒரே தகட்டில் வெட்டி இயந்திரத்தால் அழுத்திய அட்டையில் அந்த விலகல் இருக்காது.

இந்தக் கலை ஆடம்பரத்தின் உச்சியைத் தொட்டது லண்டனில். பிரான்சிஸ் சாங்கோர்ஸ்கியும் ஜார்ஜ் சட்க்ளிஃபும் 1901இல் தொடங்கிய பட்டறை, உமர் கய்யாமின் ‘ருபாயத்’ பிரதி ஒன்றுக்கு இரண்டாண்டு உழைத்து அட்டை போட்டது. முன்னட்டையில் மூன்று மயில்கள்; மொத்தத்தில் 1,050 மணிக்கற்கள், ஏறத்தாழ 5,000 தோல் துண்டுகள். 1,000 பவுண்டு விலை குறித்திருந்த அந்தப் புத்தகம் 1912 மார்ச்சில் ஏலத்தில் 405 பவுண்டுக்கே போயிற்று. வாங்கிய அமெரிக்க வணிகருக்காக அனுப்பிய கப்பல் டைட்டானிக். பட்டறையினர் வரைபடத்தைக் கொண்டு செய்த இரண்டாவது பிரதி, இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் பெட்டகத்துக்குள்ளேயே வெந்துபோனது. அதைச் செய்த ஸ்டான்லி பிரே 1989இல் முடித்த மூன்றாவது பிரதி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

ஆவாரம்பட்டை மீது வந்த குற்றச்சாட்டு

கப்பலும் குண்டும் அழித்தவை சில. தோல் தானாகவே கெட்டு அழிந்த பைண்டிங்குகள் ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோல் பைண்டிங்கைத் தொட்டால் விரலில் செங்காவித் தூள் ஒட்டும். காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு தோலுக்குள் புகுந்து அமிலமாகி, இழைகளை அரிப்பதன் விளைவு இது. நிலக்கரிப் புகையும் கேஸ் விளக்கும் நிறைந்த லண்டன் நூலகங்களில் இந்த நோய் வேகமாகப் பரவியது.

லண்டன் கலைச் சங்கம் இதை ஆராய 1900இல் ஒரு குழுவை அமைத்தது. பழைய தோல் நிலைத்திருக்க, புதிய தோல் ஏன் உதிர்கிறது என்று தேடிய குழு, பதனிடும் பொருளில் காரணத்தைக் கண்டது. சுமாக் இலையில் பதனிட்ட தோல் தாக்குப்பிடித்தது. சில மரப்பட்டைகளில் பதனிட்ட தோல் எளிதில் அமிலத்துக்கு இரையானது. மிக மோசம் என்று குழு ஒதுக்கியது ‘பெர்ஷியன்’ என்ற பெயரில் விற்ற ஆட்டுத்தோலை. பெயரில்தான் பாரசீகம், அது இந்தியாவில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். சென்னை மாகாணத்துத் தோல் ஷாப்புகளின் முக்கியமான சரக்கு இதுவே. அலமாரியில் வெளிச்சமும் புகையும் பட்டால் ஐந்தாறு ஆண்டுக்கு மேல் தாங்காது என்று குழு கருதியது. மற்றப் பல வேலைகளுக்கு அந்தத் தோல் ஏற்றதே என்பதையும் மறைக்கவில்லை. விலை மலிவு என்று பைண்டர்கள் விரும்பி வாங்கியதுதான் புத்தகங்களுக்கு வினையாயிற்று.

முன்தாளில் ஒரு கையெழுத்து

ஆசிரியர் கையெழுத்திலும் படிநிலைகள் உண்டு. வாசகர் கேட்டுப் பெற்ற வெறும் கையொப்பம் அடிப்படி. ஆசிரியரே விரும்பி, பெயர் எழுதிக் கொடுத்த அன்பளிப்புப் பிரதி அதற்கு மேல். பெற்றவர் ஆசிரியரின் வாழ்விலோ நூலின் பொருளிலோ இடம்பெற்றவர் என்றால் அதுவே உச்சம். நூல் வெளியான நாளுக்குக் கையெழுத்தின் தேதி எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மதிப்பு.

கார்ல் மார்க்ஸ் 1873 ஜூனில் ‘மூலதனம்’ இரண்டாம் ஜெர்மன் பதிப்பில் தம்மை ஓர் உண்மையான அபிமானி என்று குறிப்பிட்டுக் கையெழுத்திட்டு டார்வினுக்கு அனுப்பினார். அக்டோபரில் டார்வின் பணிவாக நன்றி எழுதினார். அந்தக் காலப் புத்தகங்களில் தாள்கள் மடிப்போடு ஒட்டியபடி இருக்கும். படிப்பவர் கத்தியால் பிரித்துக்கொண்டே போக வேண்டும். 822 பக்கத்தில் டார்வினின் பிரதி பிரிக்கப்பட்டிருப்பது முதல் 105 பக்கம்தான்! நன்றிக் கடிதம் சொல்லாத செய்தியைத் தாள் சொல்கிறது.

எல்லா அன்பளிப்புக் குறிப்புகளும் ஆசிரியர் கையால் எழுதியவையும் அல்ல. ‘உயிரினங்களின் தோற்றம்’ முதற்பதிப்பின் அன்பளிப்புப் பிரதிகளில் ‘ஆசிரியரிடமிருந்து’ என்று காணப்படும் எழுத்து, மர்ரியின் குமாஸ்தாக்களுடையது. அனுப்பச் சொன்னவர் டார்வின் என்பதால் அவற்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் டார்வினின் கையெழுத்து என்று விற்றால் அது பொய்.

கையெழுத்து இல்லாததும் சாட்சியாகலாம். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் காதல் கவிதைகள் 1850இல் அச்சேறின. அதற்கு முன்பே, 1847இல் ரெடிங் நகரில் தனிச்சுற்றுக்கு அச்சிட்டவை என்ற பெயரில் சில பிரதிகள் பிற்காலத்தில் சந்தைக்கு வந்தன. அவற்றில் ஒன்றிலாவது கவிஞர் யாருக்காவது எழுதிக்கொடுத்த குறிப்பு இல்லை. அந்தக் காலத்து பைண்டிங்கும் இல்லை. நண்பர்களுக்கென்றே அச்சிட்ட நூலை ஒரு நண்பருக்குமா கொடுக்கவில்லை? ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரு புத்தக வணிகர்கள் காகிதத்தைச் சோதித்தார்கள். 1874க்கு முன் இங்கிலாந்தில் புழங்காத வேதிமுறை மரக்கூழ் அதில் இருந்தது. எழுத்துருவும் 1880க்குப் பிந்தையது. அவர்கள் 1934இல் வெளியிட்ட ஆய்வு, அன்றைய புகழ்பெற்ற சேகரிப்பாளர் தாமஸ் வைஸைக் காட்டிக்கொடுத்தது. போலிகளைச் செய்து பரப்பியவர் அவரே.

வீட்டில் பழைய புத்தகம் இருந்தால்

புதிது போல ஆக்க நினைப்பதுதான் முதல் ஆபத்து. மறுபைண்டிங்குக்குக் கொடுத்தால் பைண்டர் ஓரத்தைச் சமன்செய்து வெட்டுவார். பக்க ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பு பாதி போய்விடும். பழைய முன்தாளைக் கிழித்துப் புதுத்தாள் ஒட்டினால் அன்பளிப்பு வரியும், நூலக முத்திரையும், கடைக்காரர் பென்சிலால் எழுதிய விலையும் சேர்ந்து குப்பைக்குப் போகும். உதிரும் தோலில் எண்ணெய் தடவினால் அரிப்பு நிற்காது, கறைதான் படியும்.

வெயில் படாத, காற்றோட்டமுள்ள, ஈரமில்லாத அலமாரி போதும். எடுக்கும்போது முதுகின் மேல்நுனியில் விரல் கொடுத்து இழுக்காமல், இருபுறப் புத்தகங்களையும் உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து எடுக்க வேண்டும். அட்டை கழன்றுவிட்டால் அமிலமற்ற அட்டைப்பெட்டியில் புத்தகத்தோடு சேர்த்தே வையுங்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர் பிறகு கிடைப்பார்; எறிந்த அட்டை கிடைக்காது.