மலை வீதியில் இரு சக்கரம் – 11
பெரகலயில் பிடித்த நூல்

போன வாரம் மூடுபனிக்குள் விழுந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். ஹப்புத்தளையிலிருந்து இறங்கி வரும்போது, மேட்டிலிருந்து மழையில் கரைந்து வந்த சேறு ஒரு வளைவு முழுக்கப் படர்ந்திருந்தது. முன்சக்கரம் வழுக்கி, மதகுக் கட்டில் போய் முட்டிற்று. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, இடது மணிக்கட்டில் வீக்கம், அவ்வளவுதான். வண்டி 411 சிசி ஹிமாலயன். 190 கிலோவுக்கு மேலே எடை, அதற்கு மேல் என் மூட்டை முடிச்சு. கொழுந்து மடுவம் பக்கமிருந்து ஓடிவந்த இரண்டு தோட்டத்துப் பிள்ளைகள் பிடித்துத் தூக்கித் தந்தார்கள்.

பக்கக் கண்ணாடி போயிருந்தது. சிக்னல் லைட், கிளச் லீவர், டேங்கின் இடப்பக்கக் கம்பி எல்லாம் நொறுங்கியோ வளைந்தோ கிடந்தன. ஸ்டார்ட் பண்ணினேன், உடனே பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் பெரிய சேதமில்லை என்று மனம் சமாதானம் சொல்லிவிட்டது. பெரகல சந்தி வரை ஓட்டியே வந்தேன். நான் செய்த பெரிய பிழை அதுதான். நேரே போவதற்கு ஹேண்டிலை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பியே பிடித்திருக்க வேண்டியிருந்தது. அது தெரிந்த கணமே இறங்கியிருக்க வேண்டும்.

பெரகல சமதரை இல்லாத ஊர். கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி பலாங்கொடை, ஹல்துமுல்ல வழியாக ஏறி இந்தச் சந்தியைத் தொட்டுவிட்டு, கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. ஏ16 இங்கே பிரிந்து ஹப்புத்தளை, பண்டாரவளை என்று ஹாலிஎல வரை போகிறது. எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம், அல்லது இறக்கம். இந்தச் சரிவுகள் எப்படிப்பட்டவை என்பதை ஊவாக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2025 செப்டம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கூரை கராஜ். அதை நடத்துகிற அண்ணனின் அப்பா தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவர். ரோலர் ஷாஃப்ட் ஓடும்போது எங்கே ஆட்டம் இருக்கிறது என்று பார்க்கச் சின்ன வயதிலேயே அப்பா பக்கத்தில் நின்று பழகியவர் இவர். உடைந்த கண்ணாடியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேசன்மார் கட்டுகிற நூற்கண்டைத் தேடி எடுத்தார்.

பின் டயரின் இரண்டு பக்கத்தையும் தொட்டபடி நூலை முன்னால் இழுத்துக் கட்டினார். முன் டயர் பின் டயரைவிட ஒடுக்கமானது. அதனால் நூலுக்கும் முன் டயருக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி நிற்க வேண்டும். என் வண்டியில் வலப்பக்கம் பெருவிரல் தாராளமாக நுழைந்தது, இடப்பக்கம் சுண்டுவிரல்கூடப் போகவில்லை.

“பயப்படாதீங்க தம்பி. இதுல பாதி பொய்க் கோணலா இருக்கும்.”

போர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளையும் அச்சையும் தளர்த்தினார். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டிலை மெல்ல முறுக்கினார். கோணலில் பாதிக்கு மேல் அங்கேயே சரியாகிவிட்டது. மெதுவாக விழுந்த வண்டிகளில் பல நேரம் போர்க் குழாய்கள் வளைந்திருப்பதில்லை, பிடிக்குள் முறுக்கிக்கொண்டு நிற்கும். இதைப் பார்க்காமல் சேசிக்குத் தீ வைத்து நிமிர்த்தப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

மீதிக் கோணலுக்காகப் போர்க்கைக் கழற்றினார். 41 மில்லிமீட்டர் குழாய்கள் இரண்டையும் துடைத்து, ஒரு தடித்த ஜன்னல் கண்ணாடியின் மேல் உருட்டினார். வலது குழாய் சத்தமில்லாமல் உருண்டது. இடது குழாய் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’கென்று தட்டியது. பல ஜப்பானிய பைக்குகளின் பட்டறைக் கையேட்டில் இந்தக் கோணலுக்குத் தருகிற எல்லை 0.2 மில்லிமீட்டர், இரண்டு கடதாசித் தாளின் தடிப்பு. அவர் கொப்பித்தாளை எட்டாக மடித்துக் குழாயின் அடியில் விட்டார். அது தடையில்லாமல் போய் வந்தது.

பண்டாரவளையில் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தலாமே என்று கேட்டேன்.

“நிமித்தலாம் தம்பி. நேரா இருக்கிற மாதிரித்தான் தெரியும். கொஸ்லந்த எறக்கத்துல பிரேக் அடிக்கிறப்ப எந்த எடத்துல மடங்கணும்னு அதுக்கு ஞாபகம் இருக்கும்.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஒருமுறை நன்றாக மடங்கிய உருக்கை மறுபடி நிமிர்த்தும்போது அதே இடம் இரண்டாம் தரம் வதைபடுகிறது. சூடு காட்டினால் உருக்கின் பதமும் போகும், மேலே உள்ள குரோமும் போகும். மடிப்பில் குரோம் வெடித்தால் அங்கே துரு பிடிக்கும், அந்தத் துரு எண்ணெய் சீலை அறுக்கும். அறுந்த சீல் வழியே கசிகிற எண்ணெய் வழிந்து இறங்கி முன் பிரேக் டிஸ்க்கில் படும். இறக்கத்தில் அதைவிட ஆபத்து வேறில்லை.

புதுக் குழாய் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். அங்கே பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும் என்றேன். அதற்கும் மறுத்துவிட்டார். இன்னொருவன் விழுந்து நிமிர்த்திய குழாயாக அது இருந்தால்? 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் உள்ளதை நிமிர்த்தி ஓட்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். புது வண்டி கிடைக்காது, கிடைத்த வண்டிக்கு யானை விலை. ஆனால் அப்படி நிமிர்த்தியவை இன்றைக்கும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

பார்சல் 99ஆம் இலக்க பதுளை பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கும்வரை மற்ற வேலைகள் நடந்தன. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக ஆட்டியபோது நடுவில் வந்ததும் ‘கட்’டென்று நின்றது. கோன் செட் முட்டலில் பள்ளம் வாங்கியிருந்தது, மாற்றினோம். 21 அங்குல ரிம்மின் பெண்டு எடுக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போயிற்று. ஒரு பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்கினால் எதிர்ப்பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். பொறுமை இல்லாதவன் தொடக்கூடாத வேலை. விழுந்தபோது தரையில் அடிபட்ட ஹெல்மட்டையும் தூக்கிப்போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.

புதுக் குழாய், இரண்டு பக்கமும் புது சீல், அளந்து ஊற்றிய எண்ணெய் எல்லாம் முடிந்த பிறகு மறுபடி நூல் கட்டினார். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. அதற்குப் பிறகுதான் புதுப் பக்கக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

பழைய பைக் வாங்கப் போகிறவர்களே, பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். போர்க் குழாயில் மேலிருந்து சீல் வரை நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள். விற்கப் போகிறவர்களே, வண்டி விழுந்தது என்றால் விழுந்தது என்று சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள்.

நான் கிளம்பும்போது, மூலையில் கிடந்த வளைந்த குழாயைத் தரமுடியுமா என்று ஒரு பையன் வந்து கேட்டான். நிமிர்த்தி வைத்தால் யாருக்காவது உதவும் என்றான். அண்ணன் பதில் சொல்லாமல் குழாயை வைஸில் இறுக்கி, இரும்பறுக்கும் வாளால் நடுவில் இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டார்.

(தொடரும்)