ஆறு பக்கச் சண்டை

"முப்பத்தாறுல இருபத்துநாலைத் தூக்கிப் போடு. மிச்சம் பன்னிரண்டு இருக்கு பாரு, அதுதான் எண்பதுகளோட ஆகச்சிறந்த ரெக்கார்டு."

"சரி, எந்த இருபத்துநாலு?"

'தி கிளாஷ்' என்ற பிரிட்டிஷ் பங்க் ராக் குழுவின் ரசிகர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். அதற்கு மேல் நட்பு, வயது, மரியாதை எதுவும் செல்லுபடியாகாது. சண்டைக்குக் காரணமான 'சாண்டினிஸ்டா!' ஆல்பம் 1980 டிசம்பர் 12 அன்று பிரிட்டனில் வெளிவந்தது. மூன்று இசைத்தட்டுகள், ஆறு பக்கங்கள், பக்கத்துக்கு ஆறு பாட்டு, மொத்தம் 36. முழுவதையும் கேட்டு முடிக்க ஏறக்குறைய 2 மணி 24 நிமிடம் ஆகும். நடுவே ஐந்து முறை எழுந்துபோய் தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும். ஒரு தமிழ்ப் படம் பார்க்கிற நேரம்தான். இடைவேளைதான் கொஞ்சம் அதிகம்.

பங்க் ராக்கோடு பழகியவர்களுக்கு இந்தக் கணக்கே விநோதம். நீட்டி முழக்கிய கிடார் தனியாவர்த்தனங்களும் ஒரு பக்கம் முழுவதையும் விழுங்கும் பாடல்களும் அலுத்துப்போன பிள்ளைகள் 1976-77இல் கிளப்பிய கலகம் அது. மூன்று கார்டு, இரண்டு நிமிடம், எழுந்து போ. கிளாஷின் முதல் ஆல்பம் 1977இல் வந்தபோது 14 பாடல்களும் சேர்ந்து 35 நிமிடத்தில் முடிந்துவிட்டன. அதே நான்கு பேர் என்றுகூடச் சொல்ல முடியாது; டிரம்ஸ் வாசித்த டாப்பர் ஹெடன் அதன் பிறகு வந்து சேர்ந்தவர். ஆனால் பாடிய ஜோ ஸ்ட்ரம்மர், கிடார் வாசித்த மிக் ஜோன்ஸ், பேஸ் பிடித்த பால் சிமனன் மூவரும் அவர்களேதான். மூன்றே ஆண்டில் மூன்று தட்டு. "இது பங்க்கே இல்லை" என்று அன்றைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் ஒரு கட்சி. அவர்களை இந்தச் சண்டையில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு 36-ம் வேண்டாம்.

மிச்சமிருப்பவர்களுக்குள்தான் அடிதடி. அது புரிய, இந்தத் தட்டு உருவான விதம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

1979 டிசம்பரில் வந்த 'லண்டன் காலிங்' இரட்டைத் தட்டு. அதை ஒற்றைத் தட்டின் விலைக்கே விற்க வைத்தது கிளாஷ். அந்தச் சாமர்த்தியம் கொடுத்த தைரியத்தில் அடுத்த ஆண்டு மூன்று தட்டோடு சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தின் முன்னால் போய் நின்றார்கள். இந்த முறை நிறுவனம் சும்மா விடவில்லை. பிரிட்டனில் 5.99 பவுண்டுக்கு விற்க வேண்டுமானால், முதல் 2 லட்சம் பிரதிகளுக்கு ராயல்டி கிடையாது. சரி என்று ஒப்புக்கொண்டார்கள். தட்டின் வரிசை எண்ணாக எஃப்.எஸ்.எல்.என். 1 என்று அச்சடிக்கவும் வைத்தார்கள். 1979 ஜூலையில் நிக்கராகுவாவில் சொமோசா ஆட்சியை வீழ்த்திய சாண்டினிஸ்டா முன்னணியின் ஸ்பானிய எழுத்துச் சுருக்கம் அது. பணத்தைக் கைவிட்டு வாங்கிய தட்டு என்பதால், "ஏன் இவ்வளவு நீளம்?" என்று கேட்டால் ரசிகர்களுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. கோபம் நியாயம்தான். ஆனால் அதற்காக ஆறாவது பக்கம் நன்றாகிவிடாது. அந்தப் பக்கத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மான்செஸ்டரில் கொஞ்சம், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சேனல் ஒன் ஸ்டுடியோவில் கொஞ்சம், நியூயார்க்கில் எலக்ட்ரிக் லேடியில் கொஞ்சம், மிச்சம் லண்டன் வெசெக்ஸில் என்று ஒலிப்பதிவு ஊர் ஊராக நடந்தது. கிங்ஸ்டனில் உள்ளூர் ஆட்கள் பணம் கேட்டு நெருக்க, பாதியிலேயே கிளம்ப வேண்டியதாயிற்று. நியூயார்க்குக்கு வந்தபோது சிமனன் ஒரு படத்தில் நடிக்கப் போயிருந்தார். அவர் இடத்தில் பிளாக்ஹெட்ஸ் குழுவின் நார்மன் வாட்-ராய் பேஸ் வாசித்தார், அதே குழுவின் மிக்கி கல்லகர் கீபோர்டில் உட்கார்ந்தார். ஸ்ட்ரம்மர் கருவிப் பெட்டிகளை அடுக்கி ஸ்டுடியோவுக்குள்ளேயே ஒரு பதுங்குகுழி கட்டிக்கொண்டு, கஞ்சாப் புகைக்கு நடுவே பாட்டு எழுதினார். கையில் தயாராகப் பாட்டு எதுவும் இல்லாமல் போனவர்கள் கேட்டதையெல்லாம் வாசித்தார்கள். ராப், ரெகே, டப், காஸ்பெல், வால்ட்ஸ், கார்னிவல் மேளம், ஜாஸ். வாசித்ததையெல்லாம் தட்டிலும் போட்டார்கள்.

பட்டியல் போடும்போது யாரும் கை வைக்காத பாடல்கள் நாலைந்து உண்டு. முதல் பாட்டு 'தி மேக்னிஃபிசன்ட் செவன்' அதில் ஒன்று. வாட்-ராயின் அந்த ஒரே பேஸ் சுற்று, செக்குமாடு மாதிரி நிற்காமல் சுற்றிவர, காலை ஏழு மணி அலாரத்தில் தொடங்கும் ஒரு கூலிக்காரனின் நாளை ஸ்ட்ரம்மர் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். நடுவே மார்க்ஸ், எங்கெல்ஸ், மார்ட்டின் லூதர் கிங், நம் காந்தி எல்லோரும் தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். ஹார்லெமிலும் பிராங்க்ஸிலும் கேட்ட ராப்பில் மிக் ஜோன்ஸ் கிறங்கிப் போயிருந்த நேரம் அது. 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் பாட்டு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு இந்தப் பாட்டின் நடன வடிவத்தை நியூயார்க்கின் கறுப்பின வானொலியான டபிள்யூ.பி.எல்.எஸ். விடாமல் ஒலிபரப்பியது.

'போலீஸ் ஆன் மை பேக்' இன்னொன்று. கயானாவில் பிறந்து லண்டனில் வளர்ந்த எடி கிரான்ட், தன் ஈக்வல்ஸ் குழுவுக்காக அறுபதுகளில் எழுதியது. ஜோன்ஸின் கிடார் அதில் போலீஸ் வண்டிச் சைரனாகவே மாறிவிடுகிறது. 'சம்பாடி காட் மர்டர்ட்', கார் நிறுத்துமிடக் காவலாளி ஒருவர் சொற்பப் பணத்துக்காகக் கொல்லப்பட்டதைக் கேட்டு ஸ்ட்ரம்மர் எழுதியது. 'வாஷிங்டன் புல்லட்ஸ்' ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த பாட்டு. கியூபாவும், சாண்டியாகோ விளையாட்டரங்கில் கொல்லப்பட்ட சிலி நாட்டுப் பாடகர் விக்டர் ஹாராவும் வருகிறார்கள். அதோடு நின்றிருந்தால் இடதுசாரிகளின் கைதட்டலோடு முடிந்திருக்கும். ஆப்கானிஸ்தானில் நுழைந்த ரஷ்யர்களையும் திபெத்தை மிதித்த சீனர்களையும் அதே மூச்சில் கேள்வி கேட்கிறது. இத்தனையும், பிள்ளைகள் பிறந்தநாள் விழாவில் போடலாம் போன்ற ஒரு துள்ளல் மெட்டில்.

இந்த நான்கையும் வெட்டுகிறேன் என்று சொன்ன ஆளை நான் இன்னும் பார்த்ததில்லை. ஐந்தாவதாக எதைச் சேர்ப்பது என்று கேட்டதும் குரல்கள் உயரும்.

'ஹிட்ஸ்வில் யூ.கே.' என்பார் ஒருவர். மோட்டவுன் பாணியில், அமெரிக்கப் பாடகி எலன் ஃபோலி கூடவே பாட, சின்னச் சின்ன இசை நிறுவனங்களைப் புகழும் பாட்டு. சி.பி.எஸ். போன்ற மலைமுழுங்கியின் தட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் பாட ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும் என்பார் அடுத்தவர். 'ஐவன் மீட்ஸ் ஜி.ஐ. ஜோ'வை டிரம்ஸ்காரர் ஹெடன் பாடுகிறார். அமெரிக்காவும் ரஷ்யாவும் நடன மேடையில் மோதிக்கொள்கின்றன, பின்னணியில் வீடியோ கேம் சத்தம். சிரிக்கத் தெரிந்தவர்கள் வைத்துக்கொள்வார்கள். 'லூஸ் திஸ் ஸ்கின்' வந்தால் சபை இரண்டாகப் பிளந்துவிடும். அதைப் பாடுவது கிளாஷே இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் வயலின் வாசித்துப் பிழைத்த டைமன் டாக். அவருக்குப் பக்கத்தில் நின்று காசு வசூலித்தவர் ஸ்ட்ரம்மர். அந்தக் கடனுக்குத்தான் இந்த ஐந்தாம் பக்கத்தின் முதல் இடம் என்று நினைக்கிறேன். டாக்கின் கீச்சுக்குரல் சிலருக்கு ஆணியால் கரும்பலகையைக் கீறுவது போல. எனக்கு முதல் பத்துத் தடவை அப்படித்தான் இருந்தது. இப்போது அந்த வயலின் இல்லாமல் ஐந்தாம் பக்கம் தொடங்காது.

'அப் இன் ஹெவன்' பாட்டுக்காக நான் யாரோடும் மல்லுக்கு நிற்பேன். ஜோன்ஸ் தன் பாட்டியோடு குடியிருந்தது மேற்கு லண்டனில் ஓர் அடுக்குமாடியின் 18-வது மாடியில். வேலை செய்யாத லிஃப்ட், நாற்றமடிக்கும் படிக்கட்டு, காற்றில் ஆடும் கட்டடம் எல்லாம் தெரிந்தவர் பாடும் பாட்டு அது. சொர்க்கம் என்று தலைப்பு வைத்தது குசும்பு.

இன்னொன்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, 'சம்திங் அபவுட் இங்கிலாந்து'. ஊரில் எது கெட்டாலும் வந்தேறிகள்மேல் பழிபோடும் பேச்சோடு தொடங்குகிறது. இளைஞனாக ஜோன்ஸ் பாடுகிறார். தெருவோரத்தில் கிடக்கும் கிழவர் ஒருவரிடம் இங்கிலாந்தைப் பற்றிக் கேட்கிறார். கிழவராக ஸ்ட்ரம்மர் பதில் சொல்கிறார். முதல் உலகப் போர், பசி, வேலையின்மை, மறுபடி போர். பழைய மியூசிக் ஹால் நாடகக் கொட்டகையின் பித்தளை வாத்தியங்கள் கூடவே வருகின்றன. நான்கு நிமிடத்துக்குள் ஒரு நூற்றாண்டின் முக்கால் பங்கு. இது அநேகமாக எல்லோர் பட்டியலிலும் இருக்கும்.

ஐந்தாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டு 'மென்ஸ்ஃபோர்த் ஹில்'. அதே பாட்டைத்தான் ஒலிநாடாவைத் தலைகீழாக ஓட்டி, மேலே சில சத்தங்களைத் தூவி வைத்திருக்கிறார்கள். இது யாருடைய பட்டியலிலும் இருக்காது. கேட்டுப் பாருங்கள். வாத்தியங்கள் ஒவ்வொன்றும் வெளியே விட்ட மூச்சை உள்ளே இழுப்பது போலிருக்கும். கிழவரின் வார்த்தைகள் குழைந்து, எந்த நாட்டு மொழி என்றே தெரியாமல் போகும். ஒருவேளை அதுதான் நோக்கமோ என்று ஒருநாள் தோன்றும், மறுநாள் 'சும்மா பக்கத்தை நிரப்பியிருக்கிறான்கள்' என்று தோன்றும். நான் இரண்டு பக்கமும் வாதாடியிருக்கிறேன், ஒரே வாரத்தில்.

ஆறாவது பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 'வெர்ஷன் சிட்டி' ஒன்றைத் தவிர்த்தால், மீதி ஐந்தில் புதுப் பாட்டு என்று அநேகமாக எதுவும் இல்லை. முன்பக்கங்களில் வந்தவற்றையே மைக்கி டிரெட் என்ற ஜமைக்கக் கலைஞரின் கைவண்ணத்தில் டப் ஆக்கியிருக்கிறார்கள்: குரலைப் பிடுங்கிவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் எதிரொலிக்குள் தள்ளிவிடும் வித்தை. 'வாஷிங்டன் புல்லட்ஸ்' அங்கே 'சிலிக்கோன் ஆன் சஃபையர்' ஆகிறது; 'ஜங்கோ பார்ட்னர்' 'வெர்ஷன் பார்ட்னர்' ஆகிறது. நடுவில் 1977இன் 'கரியர் ஆப்பர்சூனிட்டீஸ்'. வேலையில்லாத இளைஞர்களின் கொதிப்பான அந்தப் பாட்டைக் கல்லகரின் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பிரார்த்தனைபோலப் பாடிவிட்டுப் போகிறார்கள். வெட்டுகிற கட்சிக்குக் கத்தி முதலில் பாய்வது இங்கேதான். வெட்டாதே கட்சிக்காரர்கள் சொல்வது: ஜமைக்காவில் ஒரு பாட்டு வந்தால் அதன் டப் வடிவம் தட்டின் மறுபுறம் வருவது வழக்கம், கிளாஷ் அந்த மறுபுறத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வாதம் சரி. ஆனாலும் தூக்கம் வருகிறதே.

எண்ணெய்க் கிணறு மேடைகளிலும் துருவ ஆய்வு நிலையங்களிலும் மாதக்கணக்கில் அடைபட்டு, ரெக்கார்டு கடைக்குப் போக முடியாதவர்களுக்கான தட்டு இது என்பது ஜோன்ஸ் பிற்பாடு சொன்ன விளக்கம். கடைக்குப் பக்கத்திலேயே குடியிருந்த விமர்சகர்கள் ஒத்துப்போகவில்லை. லண்டனில் 'என்.எம்.இ.' இசை இதழ் பிய்த்து எறிந்தது. அமெரிக்காவிலோ 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் 1981இன் முதலிடம் இதற்குத்தான். அங்கே வெளியிட்ட எபிக் நிறுவனமே வானொலி நிலையங்களுக்காக 12 பாட்டை மட்டும் பொறுக்கி, 'சாண்டினிஸ்டா நவ்!' என்று ஒற்றைத் தட்டு ஒன்றை அனுப்பி வைத்தது. வெட்டும் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர்கள் ரசிகர்கள் அல்ல, கம்பெனிக்காரர்கள்.

கடைசியில் கிளாஷே அந்த ஆட்டத்தை ஆடவேண்டி வந்தது. அடுத்த ஆல்பத்தையும் ஜோன்ஸ் நீளமாகத்தான் கலந்து வைத்திருந்தார். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கிளின் ஜான்ஸ் என்ற அனுபவசாலியை வரவழைத்து, பாடல்களை எடுத்தும் இருந்தவற்றைக் கத்தரித்தும் 12 பாட்டில் ஒற்றைத் தட்டாக்கினார்கள். 1982இல் வந்த அந்த 'காம்பாட் ராக்'தான் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போன ஒரே கிளாஷ் ஆல்பம். அது வெளிவந்த மாதத்திலேயே ஹெடன் நீக்கப்பட்டார். 1983 செப்டம்பரில் ஜோன்ஸும் நீக்கப்பட்டார். வெட்டும் கட்சிக்காரர்களிடம் இதை எடுத்துவிட்டால் ஒரு நிமிடமாவது அமைதி கிடைக்கும்.

அப்படிக் கத்தரி பட்ட பாடல்களில் ஒன்று 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'. எந்த நாட்டுக்கும் வேண்டாதவர்களைப் பற்றிய பாட்டு. கால் நூற்றாண்டு கழித்து அதன் மெட்டை எடுத்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து லண்டனுக்கு அகதியாகப் போன மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 'பேப்பர் பிளேன்ஸ்' செய்தார். அதன் பாடலாசிரியர் வரிசையில் கிளாஷ் நால்வரின் பெயரும் உண்டு. தமிழ்ப் பெண் ஒருத்தியின் பெயருக்குப் பக்கத்தில் ஸ்ட்ரம்மரின் பெயர் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமானதுதான்.

நாங்கள் பேசிக்கொண்டே இருக்க, 2007இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜிம்மி கட்டர்மன் வேறொரு காரியம் செய்தார். 'தி சாண்டினிஸ்டா! ப்ராஜெக்ட்' என்ற பெயரில் ஆல்பத்தை ஆளுக்கொரு பாட்டாகப் பிரித்துக் கொடுத்து, மறுபடி பாடவைத்து வெளியிட்டார். பன்னிரண்டு அல்ல, இருபத்துநாலு அல்ல. 36-ம். ஆறாம் பக்கத்தின் டப்புகளுக்கும் ஆள் கிடைத்தார்கள். தலைகீழாக ஓடும் 'மென்ஸ்ஃபோர்த் ஹில்' அதில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது.