தோப்புக்கரணமும் கால் வலிமையும்

‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்பது நம் முன்னோர் மொழி. நான்கு கால்களையுடைய யானைக்கே அந்நிலை என்றால், இரு கால்களில் நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்குச் சமநிலை எத்துணை இன்றியமையாதது!

சித்தியவான் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நிறைந்திருந்த நாளில், நம் பாட்டன்மார் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, பால் சிந்தாமல் மேடு பள்ளம் கடந்து நடந்தனர். தொழிலே அவர்களுக்குப் பயிற்சியாயிற்று. இன்றோ நம் பிள்ளைகள் நாற்காலியில் அமர்ந்து படிக்கின்றனர். வீட்டிலும் திரையின் முன் அமர்கின்றனர். குந்தி அமரும் பழக்கமே அருகி வருகிறது. ஆகவே, கால்களுக்கு வலிமை தரும் பயிற்சியை நாமே தேடிச் செய்ய வேண்டியுள்ளது.

அதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. பிள்ளையார் முன் நாம் இடும் தோப்புக்கரணமே போதும். கைகளால் காதைப் பிடித்தல் என்று பொருள்படும் ‘தோர்பி கர்ணம்’ என்னும் வடசொற்றொடரே தமிழில் தோப்புக்கரணம் ஆயிற்று என்பர். வழிபாடாக இருந்த இதனைப் பள்ளிகள் பின்னாளில் தண்டனையாக்கிவிட்டன. ‘ஐம்பது போடு’ என்றால் மாணவன் எண்ணிக்கையை முடிக்கவே விரைவான். குதிகால் எழும்பும், முழங்கால்கள் உள்நோக்கி மடங்கும், முதுகு கூனும். முறை தவறிய ஐம்பதைவிட, முறையோடு செய்த பத்தே மேலானது.

முறை யாது? பாதங்களைத் தோளகலத்திற்கு விலக்கி, விரல்களைச் சற்றே வெளிப்புறம் திருப்பி நிற்க வேண்டும். இடக்கையால் வலக்காதையும், அதன்மேல் வலக்கையைக் குறுக்கே கொண்டுவந்து இடக்காதையும் பற்ற வேண்டும். பார்வை நேராக இருக்கட்டும். மூச்சை உள்ளிழுத்தவாறு, பின்னால் ஒரு மணை இருப்பதாக எண்ணி, இடுப்பைப் பின்தள்ளி மெல்ல இறங்க வேண்டும். முழங்கால்கள் பாதவிரல்கள் நோக்கும் திசையிலேயே செல்ல வேண்டும். குதிகால் தரையை விட்டு எழலாகாது. மூச்சை வெளிவிட்டவாறு, முழுப் பாதத்தாலும் தரையை அழுத்தி எழ வேண்டும்.

இவ்விதிகளுக்குக் காரணம் உண்டு. உடலின் பாரம் பாதங்களின் பரப்புக்குள் விழும்வரை நாம் சாய்வதில்லை. குதிகால் எழும்பினால் அப்பரப்பு குறுகுகிறது, உடல் தள்ளாடுகிறது. கெண்டைக்கால் தசை இறுகியிருப்போருக்கு இக்குறை வரும். அவர்கள் இயன்ற அளவு மட்டும் இறங்கி, நாள்தோறும் சிறிது சிறிதாக ஆழம் கூட்டலாம். முழங்கால் உள்மடங்குவது பெரும்பாலும் இடுப்புத் தசையின் தளர்ச்சியைக் காட்டும். மெதுவாக இறங்கினால் தொடைத் தசைகள் நன்கு உழைக்கும். விழுந்து எழுந்தால் மூட்டுகளே அடி வாங்கும்.

அடுத்து ஒரு சிறு சோதனை. மாணவர்களே, சுவரின் அருகே ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். பின்னர்க் கண்களை மூடுங்கள். உடல் ஆடத் தொடங்கும். கண், உட்செவி, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றும் கூடியே நம்மை நிறுத்துகின்றன. ஒன்றை மறைத்தால் மற்ற இரண்டும் கூடுதலாக உழைக்கின்றன. பழகப் பழக அவை கூர்மை பெறும்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. செம்பனைக் குலை தூக்கும் பாட்டாளித் தோழர்கள், முழங்காலை நீட்டியபடி முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்பு வலிக்கு இடம் தருகின்றனர். குலையை உடலோடு ஒட்டி நின்று, முழங்காலை மடக்கி, கால் வலிமையால் எழ வேண்டும். அதுவும் தோப்புக்கரணத்தின் பாடமே.

முதியோருக்கோ இது உயிர் காக்கும் செய்தி. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருள் பலர் பழைய நடையைத் திரும்பப் பெறுவதில்லை. பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ ஐவரில் ஒருவரால் ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்க இயலவில்லை. அத்தகையோரிடையே பின்வந்த ஆண்டுகளில் இறப்பும் மிகுந்திருந்தது. தள்ளாட்டமே அதற்குக் காரணம் என்று முடிவு கட்டலாகாது. எனினும் அதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளலாம். 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. அவர்கள் உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கையூன்றாமல் மெல்ல எழுந்து பழகலாம். மூட்டு வலியோ தலைச்சுற்றலோ உடையவர் முதலில் மருத்துவரைக் கேட்பது நலம்.

பெற்றோர்களே, மாலையில் விளக்கேற்றியதும் பிள்ளைகளோடு சேர்ந்து பத்துத் தோப்புக்கரணம் இடுங்கள். பாட்டியும் நாற்காலியில் அமர்ந்து உடன் எழட்டும். எண்ணிக்கையைப் பிள்ளை எண்ணட்டும். முறையைப் பெரியவர் நோக்கட்டும். கால் உறுதியாக நின்றால்தான் கைத்தொழிலும் கல்வியும் நிலைபெறும்.