பிரேக்கே இல்லாத படகை ‘பார்க்’ செய்வது எப்படி?

காரில் பிரேக்கை மிதித்தால் வண்டி நின்றுவிடும். படகில் அந்த வசதி கிடையாது. எஞ்சினை அணைத்தாலும் காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டே இருக்கும். பல டன் எடையுள்ள மோட்டார் படகு மெதுவாக வந்து ஜெட்டியில் இடித்தால்கூட, இடையில் சிக்கும் கை, கால் நசுங்கிவிடும்.

ஸ்டீயரிங் ஏன் போதாது?

சுக்கான் மீது தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால்தான் படகு சட்டென்று திரும்பும். வேகம் குறைந்தால் சுக்கானின் பிடி தளர்ந்துவிடும். அடியில் இடம், வலம் என இரண்டு புரொப்பல்லர்கள் உள்ள படகில் இதற்கு வழி உண்டு. ஸ்டீயரிங்கை நேராக வைத்துவிட்டு, இரண்டு கியர் லீவர்களால் மட்டுமே திருப்பலாம்.

சூட்சுமம் என்ன?

துடுப்புப் படகில் ஒரு துடுப்பை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் வலித்தால், படகு நின்ற இடத்திலேயே சுழலும். இங்கேயும் அதேதான். வலது எஞ்சின் ஃபார்வர்டு, இடது எஞ்சின் ரிவர்ஸ் என்றால் படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். ரிவர்ஸில் புரொப்பல்லரின் இழுவை குறைவு என்பதால், படகு சற்றே முன்னால் நகரும். அதைச் சரிக்கட்ட ரிவர்ஸைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

இரண்டு அவுட்போர்டு எஞ்சின்கள் நெருக்கமாக மாட்டிய படகில் இந்தச் சுழற்சி அவ்வளவு வலுவாக இருக்காது. அதில் எஞ்சினே திரும்புவதால் ஸ்டீயரிங்கையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

ஜெட்டி இடப்பக்கம் இருந்தால்?

* முதலில் காற்று, நீரோட்டம் இரண்டில் எது பலமாக இருக்கிறது என்று பாருங்கள். முடிந்தவரை அதை எதிர்த்தே வாருங்கள். அதுதான் இயற்கையான பிரேக்.
* ஃபெண்டர்களையும் கயிறுகளையும் முன்கூட்டியே கட்டித் தயாராக வையுங்கள்.
* ஜெட்டியை நோக்கிச் சற்றுச் சாய்வாக வாருங்கள். சில விநாடி கியர், பிறகு நியூட்ரல். பலத்த காற்று இல்லையென்றால் ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம்.
* மூக்கு ஜெட்டியை நெருங்கியதும் வலது எஞ்சினை மட்டும் ரிவர்ஸில் போடுங்கள். வேகம் குறையும், பின்பக்கமும் ஜெட்டியை நோக்கி வரும்.
* ஃபார்வர்டிலிருந்து ரிவர்ஸுக்கு மாறும்போது நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்துங்கள். கியர்பாக்ஸ் பிழைக்கும்.

செய்யவே கூடாதவை

படகு இடிக்கப்போகிறதே என்று கை, காலை நீட்டித் தடுக்காதீர்கள். அதற்குத்தான் ஃபெண்டர். ஜெட்டிக்குத் தாவிக் குதிக்கவும் கூடாது. யாராவது தண்ணீரில் விழுந்தால் உடனே நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சின்களை நிறுத்துங்கள். சுற்றும் புரொப்பல்லர் உயிரைப் பறிக்கும்.

கணக்குத் தப்பினால் சமாளிக்க முயல வேண்டாம். பின்வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து வாருங்கள்.